மானத்தின்பேரில் அறிவிக்கிறேன்

லா சப்பல் மெத்ரோவில் இறங்கி சென் தெனி புறவீதியால் நடந்தால் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. இன்று அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் ஞாயிறு மத்தியானங்களில் அக்கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் மீன்ரின் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு ஸ்ரூலைப் போட்டுக்கொண்டு நான் படிவம் நிரப்பியிருக்கிறேன். எனக்கு அப்போது தெரிந்தது ஆறு மாதத்துப் பிரெஞ்சு. வந்தவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆகவே நான் பண்டிதன்.

அகதி விண்ணப்பம், வீட்டு உதவி, குடும்பக் கொடுப்பனவு, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் காசு என்று எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. பல படிவங்களின் அடியில் ஒரு வரி வரும். 'கீழே ஒப்பமிடும் நான்' என்று தொடங்கி 'சூர் லொன்னேர்' என்று முடியும். "இதில என்ன அண்ணை எழுதிக் கிடக்கு?" என்று கேட்பார்கள். 'மானத்தின்பேரில் அறிவிக்கிறேன்' என்று நான் மொழிபெயர்ப்பேன். ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அது இருந்தால் நான் ஏன் அண்ணை இங்க வந்து நிக்கிறன்?"

அந்த வரி எமக்கு விளங்காமல் போனதற்குக் காரணம் மொழி மட்டுமல்ல. எங்கள் ஊரில் ஒருவன் தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொடுப்பது செல்லுபடியாகாது. விதானையார் கடிதம் தரவேண்டும். அது போதாதென்றால் சமாதான நீதவானுக்கு முன்னால் போய் முத்திரை ஒட்டிச் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். அதாவது ஒருவனின் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொருவன், ஊரறிந்தவன், நிற்கவேண்டும். இங்கே அப்படி யாரும் நிற்பதில்லை. நீயே எழுது, நீயே ஒப்பமிடு, பிழையென்றால் நீயே உள்ளே போ. பொய்யான அத்தாட்சி கொடுத்தால் ஒரு வருடச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் என்று குற்றவியற் கோவையின் 441-7ஆம் பிரிவு சொல்கிறது. ஒருகாலத்தில் பிரபுக்கள் வாள் உருவிக் காத்த மானத்தைக் குடியரசு எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பேரில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பிரபுக்களின் அரசர்களில் பெரும்பாலானோர் இதே வீதி போய்ச் சேரும் சென் தெனித் தேவாலயத்தில்தான் புதைக்கப்பட்டுக் கிடக்கிறார்கள்.

அகதியின் கதை இன்னும் விசித்திரமானது. அவனிடம் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த இக்கட்டு எங்களோடு தொடங்கியதும் அல்ல. 1917க்குப் பின் பாரிசுக்கு ஓடிவந்த ருஷ்யர்களின் நாடே இல்லாமற் போயிற்று. அவர்களுக்கு 1922இல் நான்சன் கடவுச்சீட்டு வந்தது. பிறப்பு, திருமணம் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கொடுத்தது வசீலி மக்லாக்கோவின் பொறுப்பிலிருந்த ருஷ்ய அகதிகள் அலுவலகம். அதாவது அகதியின் சொல்லுக்கு இன்னோர் அகதி சாட்சி. 1952 யூலை 25இன் சட்டத்தால் அகதிகளுக்கும் நாடற்றோருக்குமான பிரெஞ்சு அலுவலகம் - எம்மவர் வாயில் ஒப்ரா - உருவானபோது அந்தப் பழைய அலுவலகங்களில் இருந்தவர்கள் பலர் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் ருஷ்யனின் கதையை ருஷ்யன் கேட்டான், ஆர்மீனியனின் கதையை ஆர்மீனியன் கேட்டான். நாங்கள் வந்து சேர்ந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1989இல் மட்டும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். எங்கள் ஊர் எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் தேடிப் பார்க்கவேண்டியவர்களுக்கு நாங்கள் எழுதிக்கொடுத்தோம்.

ஒப்ரா ஏற்றுக்கொண்டதும் இன்னொன்று நடக்கிறது. அகதி தன் நாட்டுத் தூதரகத்துக்குப் போக முடியாது. ஆகவே அவனுக்குப் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் தருவது இந்த அலுவலகந்தான். இவ்வளவு காலமும் விதானையாரும் பதிவாளரும் செய்த வேலையை அது செய்கிறது. அந்தச் சான்றிதழ்களுக்குச் சட்டத்தில் முழு வலு உண்டு. ஆனால் அவை எதிலிருந்து பிறக்கின்றன? பெரும்பாலும் அவன் கொடுத்த அறிவித்தலிலிருந்து. அரிசி மூட்டையில் வைத்து, பிறர் அவசரப்படுத்த, நான் எழுதியதிலிருந்து.

பெயர் என்ற பெட்டியிலேயே எங்களுக்குச் சிக்கல் தொடங்கும். 'நோம்', 'பிரேநோம்' என்று இரண்டு பெட்டிகள். எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரை முதலாவதில் போட்டால் இவனைத் தகப்பன் பெயரால் கூப்பிடுவார்கள். தன் பெயரைப் போட்டால் இவனுடைய பெயர் பேரப்பிள்ளைவரை போகும். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஒருவிதம், தம்பிக்கு வேறுவிதம், மனைவிக்கு இரண்டும் அல்லாத மூன்றாவது. நான் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

1986இல் வந்த ஒரு நண்பர். ஊரில் கலியாணம் எழுதி நாலாம் மாதம் கொழும்புக்கு வந்து விமானம் ஏறியவர். அவரை அனுப்பிய ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான்: "தனியாள் எண்டு போடு, கெதியாக் காட் வரும்." அது ஏன் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் வாய்ச்சொல் தேவாரம். என்னிடம் வந்து "தனியாள்" என்றார். அவருடைய முகத்தை நிமிர்ந்து பாராமலே 'செலிபத்தேர்' என்று எழுதினேன். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பத்து வருடக் காட் அவருக்குக் கிடைத்தது. மூன்றாம் வருடம் மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்தார். திருமணச் சான்றிதழின் திகதி அறிவித்தலின் திகதிக்கு முந்தியிருந்தது. மானத்தின்பேரில் தனியாள், பதிவாளரின்பேரில் குடும்பஸ்தன். விளக்கக் கடிதம், அதற்கு மேலொரு கடிதம், வக்கீல் கடிதம். அந்த மனுசி வந்து சேர்ந்தது 1995இல். அவர்களுக்கு ஒரு பிள்ளைதான். அதையும் பிந்திப் பெற்றார்கள். அவர் என்னைக் குறைசொன்னதில்லை. அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

ஓர் அறிவித்தலை ஒரு கன்ரரில் ஓர் ஆளிடம் கொடுக்கிறோம். அந்த ஆளுக்கு மட்டும் சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம். காகிதம் அந்த மேசையில் தங்கிவிடுவதில்லை என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு பெரிய வரலாறு உண்டு. அதைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதும் இல்லை. விசாக்காக நாங்கள் விடியற்காலையில் வரிசையில் நின்ற பொபினி பிரிபெக்சரிலிருந்து திரான்சி கூப்பிடு தூரம்.

1940 செப்ரெம்பர் 27இல் ஜேர்மன் ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஒரு கட்டளை விடுத்தது. ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியிலுள்ள யூதர்கள் ஒக்ரோபர் 20க்குள் தாமாகவே போய்ப் பதியவேண்டும். குடும்பத் தலைவரின் அறிவித்தல் முழுக் குடும்பத்துக்கும் செல்லும். வீடுவீடாகத் தேடவில்லை, எவரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பாரிசும் சுற்றுப்புறமும் சேர்ந்த அன்றைய சென் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் பொலிஸ் நிலையங்களுக்குத் தாமே போய்ப் பெயர் கொடுத்தார்கள். சட்டத்தை மதிப்பவர்கள். பலர் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஓடிவந்து இந்த நாட்டை நம்பியவர்கள். கேட்ட இடத்தில் உண்மையைச் சொன்னால் பிழை வராது என்று எண்ணியிருப்பார்கள்.

அந்த அறிவித்தல்களை வைத்து பொலிஸ் தலைமையகத்தில் அந்திரே துலார் என்ற அதிகாரி ஓர் அட்டைக் கோவை அமைத்தார். ஒரே ஆளுக்கு நான்கு வழியில் அட்டை: பெயரால், நாட்டினத்தால், தொழிலால், வீதியால். கணினி இல்லாத காலத்தில் இதைவிடத் திறமான இணைப்பு இருக்க முடியாது. 1942 யூலை 16, 17ஆம் திகதிகளில் பிரெஞ்சுப் பொலிசார் அந்தக் கோவையிலிருந்து 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டு வீதிவீதியாக இறங்கினார்கள். 13,152 பேர் பிடிபட்டார்கள், அதில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் 63,000 பேரளவில் திரான்சி முகாமைக் கடந்துதான் போனார்கள். அந்த முகாம் ஒரு குடியிருப்புத் தொடர்மாடி. இன்றும் அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு பழைய ரயில்பெட்டி நிற்கிறது. லா குர்னேவுக்கும் பொபினிக்கும் குடிபெயர்ந்த எங்கள் சனத்தில் எத்தனை பேர் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருப்போம்.

ஒக்ரோபர் 1940இன் அந்தக் கோவை 1948-49இல் அழிக்கப்பட்டது. ஆனால் 1991இல் சேர்ஜ் கிளார்ஸ்பெல்ட் முன்னாள் படைவீரர் அமைச்சின் ஆவணக்கிடங்கில் யூதர் கோவை ஒன்றைக் கண்டெடுத்தபோது நாடே அதிர்ந்தது. துலாரின் கோவையல்ல, வேறு அட்டைகள் என்று றெனே றெமோந் தலைமையிலான குழு 1996இல் முடிவு சொல்லிற்று. அட்டைகள் எவையென்பது வரலாற்றாசிரியர்களின் விவாதம். அரை நூற்றாண்டாக ஒரு அலுமாரியில் அவை இருந்திருக்கின்றன என்பதே எனக்குப் போதும்.

எங்களுக்கு இது வாசித்தறிந்த கதையாக மட்டும் இருக்க முடியாது. இலங்கையில் வாக்காளர் இடாப்பு எப்படி உருவாகிறது? கிராம சேவகர் வருடாவருடம் படிவம் கொண்டுவந்து தருவார். வீட்டின் பிரதான குடியிருப்பாளர் அதில் வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை எழுதி ஒப்பமிட்டுக் கொடுப்பார். வாக்குப் போடுவதற்காகத்தான். 1983 யூலையில் கொழும்பில் வெள்ளவத்தையிலும் பொரளையிலும் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தெரிந்தெடுத்து எரித்தபோது அவர்களின் கைகளில் அந்த இடாப்பின் பிரதிகள் இருந்தன. கண்டவர்கள் அப்போதே சொன்னார்கள், பின்னர் அறிக்கைகளிலும் பதியப்பட்டது. எரிந்த வீட்டுக்காரர்களில் ஒருவர் என் ஸ்ரூலுக்கு முன்னால் இருந்திருக்கிறார். குடும்ப விபரம் என்ற பெட்டி வந்ததும் பேனையை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "எழுதத்தான் வேணுமோ தம்பி?" எழுதத்தான் வேண்டும் என்றேன். வேறென்ன சொல்ல?

பிரான்சு தன் பழையதை மறந்துவிட்டது என்று சொல்வது நியாயமல்ல. எங்கள் எல்லோரிடமும் உள்ள கார்த் வித்தாலில் இருக்கும் இலக்கம் 1941இல் விஷி ஆட்சியின்போது றெனே கார்மிய் என்ற இராணுவ நிர்வாகி உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. அன்று அல்ஜீரியாவில் அதன் முதல் இலக்கத்தைக்கொண்டு யூதர், முஸ்லிம், பிறநாட்டவர் என்று ஆட்களைப் பிரித்தார்கள். கார்மிய் பின்னர் எதிர்ப்பியக்கத்தில் இயங்கிப் பிடிபட்டு 1945 யனவரியில் டாக்காவ் முகாமில் இறந்துபோனார். இலக்கம் தங்கிவிட்டது. இன்று அதில் முதலில் ஆணா பெண்ணா, அடுத்து வருடம், மாதம், பிறகு பிறந்த இடம். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு 99. இலங்கைக்கு 235. உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். பருத்தித்துறையில் பிறந்தாலென்ன பதுளையில் பிறந்தாலென்ன, 99235.

அரச கோவைகளையெல்லாம் இந்த இலக்கத்தால் ஒன்றோடொன்று தொடுக்க 'சபாரி' என்ற பெயரில் ஒரு திட்டம் இருந்தது. 1974 மார்ச் 21இல் 'லு மோந்' பத்திரிகை அதை அம்பலப்படுத்தியது. திட்டம் கைவிடப்பட்டது. 1978 யனவரி 6இல் கணினியும் சுதந்திரங்களும் பற்றிய சட்டமும், அதைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவும் வந்தன. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது இது: கோவை வைத்திருப்பவனும் அறிவித்தல் கொடுக்கவேண்டும். என்ன சேர்க்கிறான், எதற்காக, யாருக்குக் கொடுப்பான் என்று ஆணைக்குழுவுக்கு எழுதிக்கொடுக்கவேண்டும். நாங்கள் அவனுக்கு, அவன் அவர்களுக்கு.

அதன் பலனை நாங்கள் கண்ணால் கண்டது 1997இல். முந்திய வருடம் ஓகஸ்ட் 23இல், லா சப்பலிலிருந்து ஐந்து நிமிட நடையிலுள்ள சென் பேர்னார் தேவாலயத்தின் கதவைக் கோடரியால் பிளந்து பொலிசார் வீசா இல்லாத ஆபிரிக்கர்களை இழுத்துச் சென்றிருந்தார்கள். அதன் பிறகு உள்துறை அமைச்சர் துப்ரே ஒரு மசோதா கொண்டுவந்தார். வீட்டில் வெளிநாட்டு விருந்தாளியை வைத்திருப்பவர், அவர் புறப்பட்டுப் போனதை மேரியில் அறிவிக்கவேண்டும் என்றது அது. திரைப்பட இயக்குநர்கள் எழுதினார்கள், கலைஞர்கள் எழுதினார்கள். பெப்ரவரி 22இல் கார் து லெஸ்த் நிலையத்தடியிலிருந்து பெரும் ஊர்வலம் புறப்பட்டது. சிலர் கையில் பழைய சூட்கேசுகளோடு வந்தார்கள். எங்கள் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குச் சூட்கேஸ் ஏனென்று முதலில் விளங்கவில்லை. பக்கத்துக் கபே வைத்திருந்த கிழவர் விளக்கினார். விருந்தாளி பற்றிய அந்த அறிவித்தல் கைவிடப்பட்டது.

அதே மசோதாவில் சத்தமில்லாமல் இன்னொன்று இருந்தது. ஒப்ராவிலுள்ள புகலிடம் கேட்டோரின் கைரேகைக் கோவையைப் பொலிசும் பார்க்கலாம் என்று. ஏப்ரல் 22இல் அரசியலமைப்புச் சபை அதை வெட்டியது. ஒப்ராவிடம் உள்ள தகவல்களின் இரகசியம் புகலிட உரிமைக்கு இன்றியமையாத உத்தரவாதம் என்பது தீர்ப்பின் சாரம். ஊர்வலத்தைப் பற்றிப் பேசிய எங்கள் சஞ்சிகைகள் இதைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஆனால் எங்களுக்கு இதுவல்லவா பெரிது? எங்களுடைய கதைக் கடதாசிகளில் என்னதான் இல்லை. தம்பி எங்கே இருக்கிறான், யார் வீட்டில் ஒளிந்தோம், எந்த முகாமில் யார் அடித்தான், எந்த இயக்கத்துக்குச் சோறு கொடுத்தோம். அந்தக் கடதாசிகள் வெளியே போவதில்லை என்ற ஒரு நம்பிக்கையில்தான் ஆட்கள் வாய் திறந்தார்கள்.

பிறகு வந்தது யூரோடாக். 1990இல் ஒப்பமிட்ட டப்ளின் உடன்படிக்கை 1997 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்திருந்தது. 2003 யனவரி 15இலிருந்து பதினான்கு வயதுக்கு மேற்பட்ட புகலிடம் கேட்போரின் பத்து விரல் ரேகையும் ஒரே கணினிக்குப் போயிற்று, பத்து வருடத்துக்கு. முன்பெல்லாம் சுவிசில் மறுத்தால் பாரிஸ், பாரிசில் மறுத்தால் லண்டன். ஒவ்வொரு இடத்திலும் புதிய பெயர், புதிய பிறந்தநாள். 2008 டிசம்பரில் சுவிசும் அந்த வலைக்குள் வந்தது. சொல்லை நம்பாமல் விரலைக் கேட்கத் தொடங்கியது இப்படித்தான். அடுப்பில் விரலைத் தேய்த்துக்கொண்டு வந்த பொடியனை நான் கண்டிருக்கிறேன். அவனைப்பற்றி வேறொரு சமயம். 2013இல் மாற்றிய ஒழுங்குவிதி, பாரிய குற்றங்களின் விசாரணைக்காகப் பொலிசாரும் யூரோடாக்கில் தேடலாம் என்றது. 1997இல் ஒரு நாட்டுக்குள் மூடிய கதவு இது. 2024இல் ஏற்றுக்கொண்ட விதியில் வயதெல்லை ஆறு. முகப்படமும் சேர்கிறது.

கோவை வைத்திருப்பவன் அறிவிக்கவேண்டும் என்ற 1978இன் கடமைக்கு என்ன நடந்தது? 2018 மே 25இல் ஐரோப்பாவின் பொது ஒழுங்குவிதி வந்தபோது அது பெரும்பாலும் எடுபட்டுவிட்டது. இப்போது அவன் தன் அலுவலகத்திலேயே ஒரு பதிவேடு வைத்திருந்து, கேட்டால் காட்டினால் போதும். தண்டப்பணம் கூடியிருக்கிறது, உண்மைதான். எங்களுடைய படிவங்களின் அடியிலிருந்த வரி மட்டும் போகவில்லை. அது ஒரு சின்னப் பெட்டியாகிவிட்டது. கையெழுத்துக்கூட வேண்டாம், சொடுக்கினால் சரி.

நான் சொன்ன நண்பருக்கு ஓய்வூதிய வயது வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் உணவகக் குசினிகளில் கழுவிக் கழுவி நாரி முறிந்த மனுசன். இப்போது எல்லாம் 'பிரான்ஸ் கொனெக்ட்' வழியாகத்தானே. 2016இல் வந்தது. ஒரு இடத்தில் ஆளை உறுதிப்படுத்தினால் வரி அலுவலகம், சுகாதாரக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அதே திறப்பு. திறப்பு வேலைசெய்ய, பிறந்தபோதுள்ள பெயர், முதற்பெயர், பால், பிறந்த திகதி, பிறந்த நாடு ஆகியவை நாட்டின் ஆட்பதிவேட்டிலுள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். வெளிநாட்டில் பிறந்தவர்களின் விபரத்தை அந்தப் பதிவேட்டில் ஏற்றுவது தூர் நகரிலுள்ள ஒரு பிரிவு. பொருந்தாவிட்டால் இயந்திரம் கோபிப்பதில்லை. அப்படி ஓர் ஆள் இல்லை என்று பண்போடு சொல்லும்.

போன மாதம் அவர் வீட்டில், சென் தெனியில், மகள் கணினிக்கு முன்னால் இருந்தாள். நாலு தரம் அடித்துப் பார்த்துவிட்டாள். பிறந்த நாடு 99235, அது சரி. திகதி சரி. பெயர் இல்லை. பழைய கடதாசிகளை மேசையில் பரப்பினோம். அகதி விண்ணப்பத்தின் பிரதியில் தகப்பன் பெயர் முதலாவது பெட்டியில். 1987ஆம் ஆண்டுச் சம்பளத்துண்டில் அது இரண்டாவதில். 7இல் தொடங்கும் தற்காலிக இலக்கம் ஒன்றின் கீழ் சில வருட உழைப்பு, நிரந்தர இலக்கத்தின் கீழ் மிச்சம். குசினியில் ஏனங்களோடு நின்ற ஒரு மனிதன் கோவையில் இரண்டு பேராக இருக்கிறான். விண்ணப்பத்தின் நீல மை எழுத்து என்னுடையது. அந்தக் காலத்து 'ர' போலவே நான் எழுதும் அந்தப் பிரெஞ்சு எழுத்தை மகள் விரலால் தொட்டு, "இதை யார் எழுதினது அப்பா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமல், "அந்த நேரம் கடையில ஒரு ஆள்" என்றார்.

இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஊரில் சத்தியக் கடதாசி முடிப்பார்கள். இங்கேயும் அப்படியொன்று எழுதலாம் என்று சொன்னேன். மகள் நல்ல பிரெஞ்சில் அடித்தாள். கீழே ஒப்பமிடும் நான், இன்ன திகதி இன்ன ஊரில் பிறந்தவன், இந்த இரு பெயர்களும் என்னையே குறிக்கும் என்று மானத்தின்பேரில் அறிவிக்கிறேன். பிரதியெடுத்து, கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, எந்தப் பெயரில் ஒப்பமிடுவதென்று அவர் கேட்டார்.